ஹாய்ஸ்ட் முனகினால், சாய்ந்தால், இறங்க மறுத்தால்

வீட்டில் லிஃப்ட் வைக்கப் போகிறேன் என்று சொன்னதும் என் அத்தை, "இரண்டு மாடி ஏற முடியாத வயதா உனக்கு?" என்று கேட்டார். அதனால் சிங்கப்பூரின் காக்கி புக்கிட் கார்ப் பட்டறைகளில் சொல்வதுபோல ஹாய்ஸ்ட் என்றே சொல்கிறேன். காரின் இரு பக்கமும் இரண்டு தூண்கள், தூணுக்கு இரண்டு கைகள், எண்ணெய் அழுத்தத்தில் ஆளுயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் இயந்திரம். பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ் முடிந்து, அதைப் புதுப்பித்து ஓட்டும் பழைய கார் என்னுடையது. அதன் அடிவயிற்றைப் பார்க்க மாதம் ஒருமுறை குப்புறப் படுத்து அலுத்துப்போய்தான் இதில் இறங்கினேன்.

இந்தச் சில ஆண்டுகளில் எனக்கு வந்த கோளாறுகளில் இயந்திரத்தின் குற்றம் என்று சொல்லத்தக்கவை இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் தரையில் இருந்தது, மின்கம்பியில் இருந்தது, என் அவசரத்தில் இருந்தது. ஆகவே ஏதாவது அறிகுறி தென்பட்டதும் மோட்டாரைக் கழற்ற உட்காராதீர்கள். காலடியிலிருந்து பார்த்துக்கொண்டே மேலே போங்கள்.

கார் மேலே இருக்கும்போது கோளாறு தெரிந்தால் முதலில் எல்லாரையும் விலக்குங்கள், குழந்தைகளையும் பூனையையும் சேர்த்து. முடிந்தால், தூணின் பற்களில் விழுந்து எடையைத் தாங்கும் இரு பக்கப் பூட்டுகளிலும் காரை உட்கார வையுங்கள். பிறகு சுவரில் உள்ள ஐசொலேட்டரை, அதாவது மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் சுவிட்சை, அணையுங்கள். பூட்டில் உட்காராத காரின் அடியில் தலையை நீட்டிப் பார்ப்பது, ஒரு நொடியானாலும், கூடாது.

தூக்கினால் கூரையில் இடிக்கிறது

வாங்கிய பிறகு இதற்கு மருந்தில்லை. அதனால் இதை முதலில் வைத்தேன். பலர் கார் நிறுத்தும் வாசல் கூரையின் உயரத்தை அளக்கிறார்கள். அளக்க வேண்டியது கூரைக்குக் கீழே தொங்கும் பொருள்களில் மிகத் தாழ்ந்ததை: உத்தரத்தின் அடிப்பக்கம், விளக்கு, துணி காயப்போடும் கம்பி, தானியங்கிக் கதவின் தண்டவாளம். ஒன்றரை மீட்டர் உயரக் காரை 1.8 மீட்டர் தூக்கினால் கூரை 3.3 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். ஏழு பேர் ஏறும் பெரிய வண்டியென்றால் இன்னும் 30 அல்லது 40 சென்டிமீட்டர் கூடும். பின்கதவைத் திறந்துவைத்துத் தூக்கும் பழக்கமுள்ளவர்கள் அதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

இரண்டு தூண்களையும் மேலே குறுக்குச்சட்டம் இணைக்கும் வகை ஒன்று. கீழே தரையோடு ஓடும் மூடியில் வடங்களை மறைக்கும் வகை மற்றொன்று. நம்மூர்த் தரைவீடுகளுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் பொருந்தும். அகலத்தையும் பாருங்கள். நடுவரிசைத் தொடர்வீட்டின் மனை 6 மீட்டர் அகலம்தான் இருக்கும். சாதாரண இரட்டைத் தூண் ஹாய்ஸ்ட் சுமார் 3.4 மீட்டர் எடுத்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் வீட்டாரும் செருப்பு அலமாரியும் போக வர வழி வேண்டும்.

உயரம் போதாதென்றால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் தூக்கும், கத்தரிபோல மடிந்து விரியும் கத்தரி வகையை வாங்குங்கள். எண்ணெய் மாற்றவும் பிரேக் பார்க்கவும் அது தாராளம். நின்றபடி வேலை செய்யும் சுகம் மட்டும் கிடைக்காது. ஒரு காரை மேலே நிறுத்தி இன்னொன்றைக் கீழே விட ஆசைப்படுபவர்களுக்கு நான்கு தூண் வகை உண்டு. அது பழுது பார்க்கும் கருவியாக இருப்பதைவிட நிறுத்துமிடமாகத்தான் உதவும். சக்கரங்களின் மீதே கார் நிற்பதால் டயரைக் கழற்றத் தனி ஜாக் வேண்டும்.

தரைப் போல்ட் இறுகவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது

எனக்கு நேர்ந்தது இது. இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆளைக் கொல்லக்கூடியது இதுதான்.

பொருத்த வந்தவர்கள் தூணை நிறுத்தி, துளையிட்டு, போல்ட்டை அடித்து, டார்க் ரென்ச்சை மாட்டினார்கள். கையேட்டில் சொன்ன அளவுக்கு வந்ததும் ரென்ச் 'டிக்' என்று சொல்ல வேண்டும். முதல் மூன்று போல்ட்டுகள் சொல்லின. நான்காவது சொல்லவே இல்லை. நட்டு வெண்ணெயில் திருகுவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. போல்ட்டும் சேர்ந்து ஒரு விரல்கடை மேலே எழும்பியிருந்தது. "ரசாயனப் பசை ஊற்றி ஒட்டிவிடலாம்" என்றார் குத்தகைக்காரர். நான் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

அன்று துளையிலிருந்து வந்த தூளைக் கவனித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். முதலில் வெள்ளைத் தூள் வந்தது, அது டைல். அடுத்து மணல்போலப் பொலபொலவென்று மஞ்சள் கலந்த தூள். டைல் ஒட்டுவதற்காகத் தரையில் பூசிய சிமெண்டுக் கலவை அது. என் வாசலில் அதுவே ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையவில்லை. அதற்குப் பிறகுதான் துரப்பணம் திணறி, மாவுபோன்ற சாம்பல்நிறத் தூள் வந்தது. கான்கிரீட் தொடங்கும் இடம் அதுதான். போல்ட் பிடிப்பதெல்லாம் அந்தச் சாம்பல் பகுதியில் மட்டுமே. டைலும் கலவையும் கணக்கில் வராது.

பல இரட்டைத் தூண் ஹாய்ஸ்ட்டுகளின் கையேடுகள் குறைந்தது 100 மில்லிமீட்டர் கனமுள்ள நல்ல கான்கிரீட் கேட்கும். கனரக வகைகள் இன்னும் அதிகம் கேட்கும். உங்கள் கையேட்டின் எண்தான் உங்களுக்கு வேதம். கார் தன் எடையால் கீழே அழுத்துவதோடு, கைகளின் நுனியில் தொங்கியபடி தூணை உள்பக்கமாகச் சாய்க்கவும் பார்க்கிறது. அந்தச் சாய்வைத் தாங்குவது பின்வரிசைப் போல்ட்டுகளின் பிடிப்பு மட்டுமே. அதனால்தான் நிற்கும்போது திடமாகத் தெரியும் தூண், காரைத் தூக்கியதும் குணத்தை மாற்றிக்கொள்கிறது.

சரிசெய்யும் வழி சோம்பேறிகளுக்கானதன்று. நான் செய்தது இது: பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் ஓரிடத்தில் துளையிட்டுக் கனத்தைப் பார்த்தார். தூண் நிற்கும் இரண்டு இடங்களிலும் பழைய தளத்தை வெட்டியெடுத்து, கம்பி கட்டிப் புதிய அடித்தளம் வார்க்க வரைபடம் கொடுத்தார். வார்த்த பிறகு 28 நாள் காத்திருக்கச் சொன்னார். மூன்றாம் வாரமே அது கல்லாகத்தான் இருந்தது. ஆனாலும் தொடவில்லை.

வெட்டும் முன் கீழே என்ன ஓடுகிறது என்று பாருங்கள். நம் வாசல்களுக்கு அடியில்தான் கழிவுநீர்க் குழாய் போகும். பொதுக் கழிவுநீர்க் குழாய்க்கு அருகே தோண்டுவதென்றால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் அனுமதி வேண்டும். வாசலுக்குக் கீழே நிலவறை உள்ள வீடென்றால் பொறியாளர் சரி என்று எழுதித் தரும்வரை துரப்பணத்தைப் பெட்டியிலிருந்தே எடுக்காதீர்கள்.

போல்ட் இறுகியிருந்தாலும், காரைத் தூக்கிச் சில நாள் பயன்படுத்திய பின் மறுபடி ரென்ச் வைத்துப் பாருங்கள். ஒருமுறை சிறிது திரும்புவது இயல்பு. ஒவ்வொரு முறையும் திரும்பினால் போல்ட் மெல்ல மேலே வருகிறது என்று பொருள். அன்றோடு பயன்பாட்டை நிறுத்துங்கள்.

பொத்தானை அழுத்தினால் 'ம்ம்ம்' என்று முனகுகிறது, ஏறவில்லை

சுவர்ப் பிளக்கிலிருந்து நீட்டும் ஒட்டுக்கம்பியில் மாட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் கோளாறு கிடைத்துவிட்டது. நம் வீட்டுச் சுவர்ப் பிளக் 13 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 3 கிலோவாட். 2.2 கிலோவாட் மோட்டார் ஓடும்போதே அந்த எல்லையை ஒட்டித்தான் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். மெல்லிய நீளக் கம்பியில் அந்த நொடி வோல்ட் சரிந்துவிடும். மோட்டாருக்குக் கிளம்பப் பலம் இராது, நின்றபடி முனகிச் சூடேறும். ஐந்து விநாடிக்கு மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு பிரார்த்தனை செய்யாதீர்கள், சுருள் எரிந்துவிடும்.

ஹாய்ஸ்ட்டுக்கு மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி, தனி ஐசொலேட்டர் வேண்டும். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் அதைச் செய்ய வேண்டும். தனிக் கம்பி இழுத்த பிறகும் கிளம்பும் நொடியில் பெட்டியில் சுவிட்ச் விழுந்தால், எந்த ரக எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) போட்டிருக்கிறார் என்று கேளுங்கள். பி ரகம் தன் அளவைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு மின்னோட்டத்திலேயே உடனே விழும். சி ரகம் ஐந்து முதல் பத்து மடங்குவரை பொறுக்கும். மோட்டார்களுக்குச் சி ரகம் போடுவதுதான் வழக்கம்.

கம்பி சரியாக இருந்தும் முனகினால், மோட்டார் கிளம்ப உதவும் மின்தேக்கியான கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள். மூடி உப்பியிருக்கும், அல்லது எண்ணெய் கசிந்திருக்கும். மலிவான பாகம், மாற்றுவதும் எளிது. ஆனால் மின்சாரத்தை அணைத்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும், வெறுங்கையால் தொடாதீர்கள்.

மோட்டார் சுழல்கிறது, கைகள் அசையவே இல்லை

மும்முனை மின்சாரம் உள்ள வீடென்றால் மோட்டார் எதிர்ப்புறம் சுழல்கிறதா என்று பாருங்கள். பம்ப் ஒரு திசையில்தான் எண்ணெயைத் தள்ளும். மின்பணியாளர் இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

ஒருமுனை மின்சாரமென்றால் எண்ணெய் அளவைப் பாருங்கள். கைகள் முழுவதும் கீழே இறங்கியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும், ஊற்றவும் வேண்டும். மேலே இருக்கும்போது தொட்டியை நிரப்பினால், இறக்கும்போது சிலிண்டரில் உள்ளது முழுவதும் திரும்பி வந்து வழிந்து வாசல் வாய்க்காலில் ஓடும். நம் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்பிடிப்புப் பகுதி. அந்த வாய்க்கால் தண்ணீரைத்தான் பிற்பாடு குடிக்கிறோம்.

எண்ணெயும் சரியென்றால் இறக்கும் வால்வில் தூசி சிக்கித் திறந்தே இருக்கலாம். காரில்லாமல், நெம்புகோலை நாலைந்து முறை முழுவதும் அழுத்தி விடுங்கள். பெரும்பாலும் தூசி தானாகக் கழுவிப் போய்விடும்.

குதித்துக் குதித்து ஏறுகிறது

சிலிண்டரில் காற்று. வெறும் ஹாய்ஸ்ட்டை அடிமுதல் நுனிவரை சில முறை ஏற்றி இறக்கினால் போய்விடும். போகாவிட்டால் தொட்டியைத் திறந்து பாருங்கள். எண்ணெயில் நுரை இருந்தால் பம்ப் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. உறிஞ்சுகுழாயின் இணைப்பை இறுக்குங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீரைப்போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. நம் ஈரக்காற்றில், மழைச்சாரல் படும் வாசலில், தொட்டியின் காற்றுமூடி தளர்ந்திருந்தால் இது நடக்கும். எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், வடிகட்டிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

ஒரு பக்கம் உயர்ந்து, ஒரு பக்கம் தாழ்ந்து

ஹாய்ஸ்ட் ஏறும்போது இரு தூண்களிலும் பூட்டுகள் பல்லுக்குப் பல் 'டக்', 'டக்' என்று விழும். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். ஒரே 'டக்' ஆகக் கேட்டால் நலம். 'ட-டக்' என்று இரண்டாகப் பிரிந்து கேட்டால், கைகளைச் சுமந்து தூணில் ஏறும் இரண்டு கூடுகளும் ஒன்றுபோல ஏறவில்லை. காக்கி புக்கிட்டில் முப்பது ஆண்டாக வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், வானொலி பாடிக்கொண்டிருக்க, தேநீர் குடித்தபடியே, "தம்பி, இடதுபக்கம் ஒரு நூல் பின்தங்குகிறது" என்று சொல்லுவார். போய் அளந்தால் அப்படித்தான் இருக்கும்.

சத்தத்தில் இன்னொரு பயனும் உண்டு. கார் சாய்ந்து தெரிகிறது, ஆனால் 'டக்' ஒன்றாகத்தான் கேட்கிறது என்றால் கோளாறு இயந்திரத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. மழைநீர் வடிய நம் வாசல்களைச் சரிவாகப் போடுவார்கள். வீட்டிலிருந்து தெருப்பக்கம் சரிந்தால் இரு தூண்களும் ஒரே மட்டத்தில் நிற்கும். பக்கவாட்டில் சரிந்தால் ஒரு தூண் பள்ளத்தில் நிற்கும். அடியில் இரும்புத் தகடு செருகித் தூணைச் செங்குத்தாக்கலாம், ஆனால் எவ்வளவு செருகலாம் என்பதற்குக் கையேட்டில் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் தரையைத்தான் திருத்த வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் வடத்தை முறுக்கிக் காரை மட்டமாக்கினால், மட்டமாகத் தெரியும் காரின் ஒரு பக்கம் பூட்டில் உட்காராமலே நிற்கும். அதைவிடச் சாய்ந்த காரே மேல்.

சத்தம் பிரிந்து கேட்டால், இரு கூடுகளையும் ஒன்றாக ஏற வைக்கும் சமநிலை வடத்தைச் சரிசெய்யுங்கள். காரில்லாமல் தோளுயரத்துக்குத் தூக்கி, இரு பக்கமும் ஒரே பல்லில் பூட்டி உட்கார வையுங்கள். ஒரே பல்லா என்பதைக் கண்ணால் பாருங்கள், எண்ணுங்கள். பின்தங்கும் கூட்டை மேலே இழுக்கும் வடத்தின் நட்டைச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். இரண்டு வடங்களையும் விரலால் இழுத்தால் ஒரே அளவு தளர்வு தெரிய வேண்டும். பிறகு மறுபடி ஏற்றிக் கேளுங்கள். புதிய வடங்கள் முதல் சில வாரங்களில் நீளும், ஆகவே இரண்டாம் முறையும் இதைச் செய்ய வேண்டிவரும். வடத்தில் ஓர் இழையாவது அறுந்து துருத்திக்கொண்டிருந்தால் சரிசெய்வதைப் பற்றிப் பேச்சே இல்லை, மாற்றுங்கள். வடத்தைச் சோதிக்கத் துணியால் தடவுங்கள். கையால் தடவினால் அறுந்த இழை எங்கே இருக்கிறது என்று நன்றாகவே தெரியவரும்.

தூக்கி வைத்த கார் மெல்ல இறங்குகிறது

பூட்டில் உட்கார்ந்த கார் இறங்காது. இறங்குகிறதென்றால் நீங்கள் எண்ணெயின் மீது நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தப் பழக்கத்தை முதலில் விடுங்கள். மேலே ஏற்றிய பின் நெம்புகோலை அழுத்தி, இரு பூட்டுகளும் எடையை வாங்கும்வரை இறக்கிய பிறகே அடியில் போக வேண்டும்.

ஆனாலும் கசிவு கசிவுதான். காரை ஒரு சாண் மட்டும் தூக்கி, தூணில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பத்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். கோடு விலகினால் சிலிண்டரைச் சுற்றிப் பாருங்கள். வெளியே எண்ணெய் கசிந்தால் சீல் தேய்ந்திருக்கிறது. எங்கும் ஈரமில்லையென்றால் எண்ணெய் உள்ளுக்குள்ளேயே தொட்டிக்குத் திரும்புகிறது, இறக்கும் வால்வையோ ஒருவழி வால்வையோ கழுவ வேண்டும். என் இயந்திரத்தின் உண்மையான இரண்டு குற்றங்களில் ஒன்று இது. மற்றொன்று கெப்பாசிட்டர்.

இறங்க மாட்டேன் என்கிறது

பாதிப் பேர் இதில் பயந்து பட்டறைக்குத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். பூட்டின் மீது எடை உட்கார்ந்திருக்கும்போது பூட்டு விலகாது, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். முதலில் சற்று மேலே ஏற்றுங்கள், பூட்டை விடுவியுங்கள், பிறகு இறக்குங்கள்.

ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் நின்றால் மட்டும் உடனே கையை எடுங்கள். இரண்டு பூட்டுகளையும் சேர்த்து விடுவிக்கும் மெல்லிய கம்பி தளர்ந்து, ஒன்றை மட்டும் திறந்திருக்கும். உடனே மேலே ஏற்றி, இரண்டையும் பூட்டில் உட்கார வைத்து, கம்பியை இறுக்குங்கள். சுத்தியலால் பூட்டைத் தட்டி விடுவித்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கார் இப்போது ஒரு கதவு வேறு நிறத்தில் ஓடுகிறது.

வெறும் கைகள் ஆமைபோல இறங்குவது கோளாறில்லை. எண்ணெயைத் தள்ள அங்கே எடையில்லை.

தரையை விட்டதும் கார் ஒருபுறம் தாழ்கிறது

நான்கு டன் ஹாய்ஸ்ட் என்றால் கைக்கு ஒரு டன். இன்ஜின் முன்னால் இருக்கும் காரை நடுவில் நிறுத்தினால் முன்கைகளுக்குப் பங்கு கூடிவிடும். கைகளின் நுனியில் உள்ள தாங்கிகளைக் கார்க் கையேடு காட்டும் இடங்களில் வைத்து, டயர் தரையைவிட்டு ஒரு கையளவு எழும்பியதும் நிறுத்தி, பம்பரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள். மின்சாரக் கார்களில் இரண்டு டன்னைத் தாண்டியவை ஏராளம். நடுவயிறு முழுவதும் மின்கலன் என்பதால், தாங்கிகள் ஓரச் சட்டத்தில் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே பட வேண்டும். காற்றுத் தொங்கல் (சுருள்வில்லுக்குப் பதில் காற்றுப்பை) உள்ள கார் என்றால், தூக்கும் முன் அதன் தானியங்கிச் சமநிலையை அணைத்துவிடுங்கள்.

மழை பெய்தால் மின்சாரம் போகிறது, மழை விட்டால் கொசு வருகிறது

நவம்பர் முதல் சனவரிவரை எனக்கு இரண்டும் நடந்தன. முதலாவது எளிது. ஐசொலேட்டர் பெட்டிக்குள் சாரல் போய், மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் விழுந்தது. தண்ணீர் புகாத பெட்டி போட்டு, கம்பி கீழிருந்து நுழையும்படி மாற்றியதும் நின்றது.

இரண்டாவதை ஓர் ஆண்டுவரை நான் கவனிக்கவே இல்லை. தூணின் அடியில், தகட்டுக்கும் தூணின் உள்சுவருக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது, கைப்பேசி நுழையும் அகலம். அதில் மழைநீர் தேங்கியது. கத்தரி வகையைக் குழிவெட்டிப் பொருத்தியவர்களுக்கு இதைப்போலப் பத்து மடங்கு தேங்கும். டெங்கிச் சோதனைக்கு வந்த அதிகாரி பூந்தொட்டிகளை விட்டுவிட்டு நேராக அங்கே டார்ச் அடித்தார். அன்று மாலையே பள்ளத்தில் சிமெண்டை ஊற்றிச் சரிவாக மெழுகினேன். அதிகாரி புறப்படும்முன் டார்ச்சை அப்படியே மேலே திருப்பி, தூக்கி நிறுத்தியிருந்த காரைப் பார்த்தார். "பின்பக்கப் பிரேக் பேட் தேய்ந்துபோயிருக்கிறதே" என்றார். தேய்ந்துதான் இருந்தது.